கீழக்கரைக்கும் மும்பைக்கும் ஒரே விலை: தேசியப் பங்குச்சந்தை வந்த வழி

ராமநாதபுரத்துக்கும் மும்பைக்கும் நேர்கோடு போட்டு அளந்தாலே 1,200 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஆனால் இன்று காலை 9.15-க்குத் தொண்டியில் ஒருவர் செல்போனில் பார்க்கிற பங்கு விலையும், மும்பையில் தரகர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கிற விலையும் ஒன்றுதான். இருவரும் ஒரே விலைக்கு ஆர்டர் போட்டால், யாருடையது முதலில் போய்ச் சேர்ந்ததோ அவருக்குத்தான் முதலில் பங்கு. ஊர் எது என்று சந்தை கேட்பதில்லை.

1993-ல் நிலைமை இப்படி இல்லை. நேற்றைய விலை தெரியவே இன்றைய பேப்பர் வர வேண்டும். இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது என்எஸ்இ என்று நாம் சுருக்கிச் சொல்லும் தேசியப் பங்குச்சந்தை. "கம்ப்யூட்டர் வந்தது, கூச்சல் போனது" என்று இந்த வரலாற்றை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மை. கம்ப்யூட்டரை எந்தச் சந்தையும் வாங்கி வைத்திருக்கலாம். மும்பையில் இல்லாதவன் இளைத்தவன் என்ற நிலையை எப்படி ஒழித்தார்கள் என்பதுதான் விஷயம்.

முதலில் அடிப்படை. ஒரு கம்பெனி முதன்முறை பொதுமக்களுக்குப் பங்கு விற்கும்போது அந்தப் பணம் கம்பெனிக்குப் போகிறது. அதற்குப் பிறகு அந்தப் பங்கு எத்தனை கை மாறினாலும் கம்பெனிக்கு ஒரு பைசா கிடையாது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே அந்தக் கைமாறுதல் நடக்கிற இடம்தான் பங்குச்சந்தை. விலையை அது நிர்ணயிப்பதில்லை. விலை உருவாக இடம் கொடுத்து, பேசிய பேச்சுப்படி பணமும் பங்கும் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது அதன் வேலை.

ஆலமரத்தடியிலிருந்து

இந்தியாவில் இந்த வேலை மும்பையில் ஒரு மரத்தடியில் தொடங்கியது. 1850-களில் டவுன் ஹால் எதிரே இருந்த ஆலமரத்தடியில் சில தரகர்கள் கூடிப் பங்கு வாங்கி விற்றார்கள். 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து இங்கிலாந்து ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த பஞ்சு நின்றுபோய், பம்பாய்ப் பஞ்சுக்குக் கிராக்கி ஏறியது. வந்து குவிந்த பணம் பங்குகளில் பாய்ந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்குகிறோம் என்று கிளம்பிய கம்பெனிகளின் பங்குகள்கூடத் தாறுமாறாக ஏறின. அந்த நாளில் பிரேம்சந்த் ராய்சந்த் என்ற தரகர் பெயர் மும்பை முழுக்கப் பிரசித்தம். 1865-ல் போர் முடிந்தது, பஞ்சு விலை விழுந்தது, பங்குகளும் கூடவே விழுந்தன.

அடிபட்ட தரகர்கள் ஒழுங்குக்கு வந்து 1875-ல் ஒரு சங்கம் வைத்தார்கள். இன்று பிஎஸ்இ என்று அழைக்கப்படும் மும்பைப் பங்குச்சந்தை அதுதான். அது தரகர்கள், தரகர்களுக்காக நடத்திய சங்கம் என்பதை மனதில் வையுங்கள். பின்னால் வந்த சிக்கல்களின் வேர் அங்கேதான். 1956-ல் பங்கு ஒப்பந்தங்களுக்கான சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு அரசு அங்கீகாரம் கிடைத்தது. சென்னையில் 1920-ல் தொடங்கிய சந்தை நிலைக்காமல் போய், 1937-ல் மறுபடி வந்தது. கோயம்புத்தூருக்கும் 1990-களின் தொடக்கத்தில் ஒன்று வந்தது. அப்போது நாடு முழுவதும் இருபதுக்கும் மேற்பட்ட சந்தைகள். ஒரே கம்பெனிப் பங்குக்கு ஊருக்கு ஊர் வெவ்வேறு விலை.

அந்தக் காலத்தில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் 100 பங்கு வாங்க நினைத்தால் வழி இதுதான். மதுரையில் ஒரு சப் புரோக்கரைப் பிடிக்க வேண்டும். அவர் சென்னைத் தரகருக்குச் சொல்ல, பெரிய கம்பெனிப் பங்கு என்றால் சென்னைத் தரகர் மும்பைக்கு டெலிபோனில் சொல்வார். மும்பையில் தரகரின் ஆள் வர்த்தகக் கூடத்துக்குள் போய், அந்தப் பங்குக்கென்று நிற்கும் ஜாபரிடம் விலை கேட்பார். ஜாபர் வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று என்று இரண்டு சொல்வார். கை ஜாடையிலும் கூச்சலிலும் பேரம் முடிந்து சின்ன நோட்டில் பென்சிலால் குறிப்பு ஏறும். அந்தக் குறிப்பில் எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்று இருக்காது.

கெடுதல் நுழைந்த இடம் இதுதான். அன்றைக்கு அந்தப் பங்கு 400-க்கும் 415-க்கும் நடுவே ஆடியிருந்தால், தரகர் 403-க்கு வாங்கிவிட்டு வாடிக்கையாளரிடம் 413 என்று கணக்குக் காட்டலாம். பேப்பரில் அன்றைய உச்ச விலை 415 என்று போட்டிருக்கும், ஆகவே சந்தேகம் கேட்க வழியில்லை. கணக்குச் சீட்டிலும் விலையையும் தரகையும் சேர்த்து ஒரே எண்ணாக எழுதுவது வழக்கம். நடுவில் எத்தனை கை இருக்கிறதோ அத்தனை பேரும் ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிக்கொள்ளலாம். ராமநாதபுரத்துக்கு வந்து சேரும்போது அது மும்பை விலையாக இருக்காது.

பாம்பன் கரையில் படகு ஒதுங்கியதும் நடக்கிற மீன் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கூடையைச் சுற்றி நிற்கிற சில வியாபாரிகள் கேட்பதுதான் அன்றைய விலை. அதே சீலாவுக்குப் பரமக்குடியில் ஒருவர் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தாலும் அவர் குரல் கரைக்கு எட்டாது. வலைக்கும் இன்ஜினுக்கும் முன்பணம் வாங்கிய படகுக்காரராக இருந்தால் இன்னொரு கட்டும் உண்டு; கடன் கொடுத்த வியாபாரிக்குத்தான் மீனைப் போட்டாக வேண்டும். பழைய பங்குச்சந்தையிலும் இந்த இரண்டும் இருந்தன. குரல் எட்டுகிற தூரத்தில் நிற்பவருக்கே விலை. அங்கே நிற்பவர்களே சந்தைக்குச் சொந்தக்காரர்கள்.

வாங்கிய பிறகும் நிம்மதி கிடையாது. காகிதச் சான்றிதழோடு விற்றவர் கையெழுத்திட்ட டிரான்ஸ்ஃபர் படிவம் வரும். அதில் நூறு ரூபாய்க்கு 50 பைசா வீதம் முத்திரைத் தலை ஒட்டி, கம்பெனியின் பதிவாளருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். விற்றவரின் கையெழுத்து, பத்து வருடம் முன்பு கம்பெனியில் கொடுத்த மாதிரிக் கையெழுத்தோடு கொஞ்சம் மாறினாலும் திரும்பி வந்துவிடும். 'பேட் டெலிவரி' என்பார்கள். திருடு போன சான்றிதழ், போலிச் சான்றிதழ், தபாலில் காணாமல் போனது என்று இன்னொரு பட்டியல். எல்லாம் சரியாக நடந்தாலும் பெயர் மாறி வர மாதக்கணக்கில் ஆகும். பங்குகள் பெரும்பாலும் 50 அல்லது 100 கொண்ட கட்டாகவே விலைபோகும். கம்பெனி இலவசமாகத் தந்த போனஸில் வந்த ஏழு பங்கை விற்க நினைத்தால் குறைந்த விலைக்குத்தான் ஆள் கிடைக்கும்.

புதுச் சந்தை

1992-ல் ஹர்ஷத் மேத்தா என்ற மும்பைத் தரகரின் ஊழல் வெடித்ததால்தான் என்எஸ்இ பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். வரிசை அப்படி இல்லை. எம்.ஜே. பெர்வானி தலைமையிலான குழு, நாடு முழுவதையும் இணைக்கும் புதுச் சந்தை ஒன்று வேண்டும் என்று 1991-லேயே பரிந்துரைத்துவிட்டது. ஊழல் செய்தது என்னவென்றால், அந்தப் பரிந்துரையைத் தள்ளிப்போட முடியாமல் செய்தது.

அந்த ஊழலின் கருவே அரசுக் கடன் பத்திரச் சந்தையில் இருந்தது. வங்கிகள் தங்களுக்குள் டெலிபோனில் பேசிக் கோடிக்கணக்கில் பத்திரம் விற்று வாங்கின. பத்திரத்துக்குப் பதில் 'வங்கி ரசீது' என்ற துண்டுக் காகிதம் கை மாறியது. விலை யாருக்கும் தெரியாது, பத்திரம் உண்மையில் இருக்கிறதா என்றும் தெரியாது. நடுவில் நின்ற தரகர் அந்தப் பணத்தைப் பங்குகளில் ஏற்றினார். 1992 ஏப்ரலில் பிஎஸ்இ-யின் விலைக் குறியீடான சென்செக்ஸ் 4,467 வரை போய், பிறகு சரிந்தது. அதே ஆண்டில்தான் பங்குச்சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபிக்குச் சட்ட அதிகாரம் கிடைத்தது.

1992 நவம்பரில் என்எஸ்இ ஒரு கம்பெனியாகப் பதிவானது. 1993 ஏப்ரலில் பங்குச்சந்தை என்ற அங்கீகாரம் வந்தது. இந்தியத் தொழில் வளர்ச்சி வங்கியான ஐடிபிஐ முன்னின்று தொடங்க, அரசு வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் முதல் போட்டன. ஆர்.எச். பாட்டீல் அதன் முதல் நிர்வாக இயக்குநர். தரகர்களுக்கு உரிமையும் கிடையாது, நிர்வாகத்தில் கையும் கிடையாது. டெபாசிட் கட்டி, தகுதியைக் காட்டி உறுப்பினராகலாம். தப்பு செய்தால் வெளியேற்றலாம். தரகர்களின் சங்கமே தரகரைத் தண்டிக்க வேண்டியிருந்த பழைய ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் இதுதான் பெரிய புரட்சி. கம்ப்யூட்டர் அடுத்த இடம்தான்.

அவர்கள் முதலில் திறந்ததும் பங்குச் சந்தையை அல்ல. 1994 ஜூன் இறுதியில் கடன் பத்திரப் பிரிவைத்தான் திறந்தார்கள். ஊழல் நடந்த இடத்தில் முதலில் விளக்கைப் போட்டார்கள் என்று சொல்லலாம். பங்கு வர்த்தகம் 1994 நவம்பர் 3 அன்று தொடங்கியது.

தூரத்தை எப்படி அடைத்தார்கள்? அன்று ஊர்களுக்கிடையே நம்பகமான டேட்டா லைன் கிடையாது. மழை பெய்தால் டெலிபோனே செத்துவிடும். ஆகவே தரையை விட்டுவிட்டு வானத்தைப் பிடித்தார்கள். ஒவ்வொரு தரகர் அலுவலக மொட்டை மாடியிலும் விசாட் எனப்படும் சின்ன டிஷ். அதிலிருந்து ஆர்டர் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்குப் போய், அங்கிருந்து மும்பைக் கம்ப்யூட்டருக்கு இறங்கும். ஒரு வழிக்குக் கால் விநாடி. அத்தனை உயரம் ஏறி இறங்கும்போது மதுரை என்ன, பரோடா என்ன, எல்லாம் ஏறக்குறைய ஒரே தூரம்தான். அதன் சங்கடங்களும் இருந்தன. ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச், அக்டோபர் வாக்கில், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து சிக்னலை மூழ்கடிக்கும். அந்தச் சில நாட்களில் நடுப்பகலில் வர்த்தகத்தை நிறுத்திவிட்டு மாலையில் நேரத்தை நீட்டிய வழக்கம் இருந்தது. இன்றைய பையன்களிடம் வெயிலுக்காக ஷேர் மார்க்கெட்டுக்கு இடைவேளை விட்டார்கள் என்றால் நம்பமாட்டார்கள்.

பிஎஸ்இ 1995 மார்ச்சில் தன் கம்ப்யூட்டர் முறையைக் கொண்டுவந்தது. ஆனாலும் வர்த்தகம் தொடங்கிய ஓராண்டு வாக்கிலேயே என்எஸ்இ அதை அளவில் முந்திவிட்டது. காரணம் எளிது. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு எண், நேரம். ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் ஒரு எண், நேரம். 11.04-க்கு 403 ரூபாய்க்கு வாங்கியதை 413 என்று சொல்ல முடியாது. கூட்டம் அங்கே போனது.

வரிசை எப்படி வேலை செய்கிறது

என்எஸ்இ-யில் ஜாபர் கிடையாது. எல்லா ஆர்டரும் ஒரு புத்தகத்தில் ஏறுகின்றன. முதலில் விலை பார்க்கப்படும்; விலை ஒன்றாக இருந்தால் நேரம். போட்டவர் யார் என்பது திரையில் தெரியாது. ஒரு கம்பெனிப் பங்கு 412 ரூபாய் வாக்கில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் பக்கம் இப்படி இருக்கிறது: 412.00-க்கு 300 பங்கு, அதே 412.00-க்கு மூன்று விநாடி பிந்தி வந்த 100 பங்கு, 411.80-க்கு 500 பங்கு. விற்கும் பக்கம்: 412.40-க்கு 150, 412.50-க்கு 200, 413.25-க்கு 1,000.

இப்போது பெரியபட்டணத்திலிருந்து ஒருவர் 400 பங்கு வாங்க 'மார்க்கெட் ஆர்டர்' போடுகிறார். என்ன விலையானாலும் சரி, உடனே வேண்டும் என்று அர்த்தம். கம்ப்யூட்டர் மலிவான விற்பனையிலிருந்து எடுத்துக்கொண்டே போகும். 150 பங்கு 412.40-க்கு, அதாவது 61,860 ரூபாய். 200 பங்கு 412.50-க்கு, 82,500 ரூபாய். மீதி 50 பங்கு 413.25-க்கு, 20,662.50 ரூபாய். மொத்தம் 1,65,022.50. சராசரி 412.56. திரையில் 412.40 என்று பார்த்துப் போட்டவருக்கு 16 பைசா கூடுதல். இது பெரிய கம்பெனி என்பதால் இதோடு போயிற்று.

அவரே 412.50 என்று விலை குறிப்பிட்டு 'லிமிட் ஆர்டர்' போட்டிருந்தால், முதல் இரண்டில் 350 பங்கு கிடைத்திருக்கும். மீதி 50, வாங்கும் வரிசையின் தலைப்பில் 412.50-க்குக் காத்திருக்கும். விற்பவர் யாராவது அந்த விலைக்கு இறங்கி வந்தால் கிடைக்கும், சாயங்காலம் 3.30 வரை வராவிட்டால் ஆர்டர் தானாகக் காலாவதி. சின்னக் கம்பெனிகளில் விற்கும் பக்கத்தில் ஐம்பது பங்கு ஒரு விலைக்கும், அடுத்த ஐம்பது நாலு ரூபாய் தள்ளியும் இருக்கும். அங்கே மார்க்கெட் ஆர்டர் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு குதிப்பது. புதிதாக வருபவர் முதல் வருடம் லிமிட் ஆர்டர் தவிர வேறு பட்டனைத் தொடாமல் இருப்பது நல்லது.

செலவையும் இதே கணக்கில் பாருங்கள். அந்த 1,65,022 ரூபாய் கொள்முதலுக்குப் பங்கு பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், 165 ரூபாய். முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், 24.75 ரூபாய். என்எஸ்இ தன் பங்காக லட்சத்துக்கு 3 ரூபாய் வாக்கில் எடுக்கிறது. இங்கே 5 ரூபாய் வாக்கில்தான். இவற்றோடு தரகும் ஜிஎஸ்டியும். காகிதக் காலத்தில் இதே தொகைக்குப் பெயர் மாற்ற முத்திரைத் தலை மட்டுமே 825 ரூபாய்க்கு ஒட்ட வேண்டியிருந்தது.

பணத்துக்கு யார் பொறுப்பு

விலை நேர்மையாகிவிட்டது. ஆனால் வாங்கியவர் பணம் கட்டாமல் ஓடிவிட்டால்? 1995 மார்ச்சில் ஒரு பங்கில் சூதாடியவர்கள் பணம் கட்ட முடியாமல் போய், பிஎஸ்இ சில நாட்கள் மூடியே கிடந்தது. முகம் தெரியாதவரோடு வர்த்தகம் செய்யும் சந்தையில் இது உயிர்ப் பிரச்சினை.

இதற்காக என்எஸ்இ 1995-ல் தனியாக ஒரு தீர்வுக் கழகத்தை அமைத்தது. 1996 ஏப்ரலில் அது வேலையைத் தொடங்கியது. ஆர்டர் இணைந்ததும் அந்தக் கழகம் நடுவில் வந்து நின்றுகொள்ளும். விற்பவருக்கு வாங்குபவரும் அதுதான், வாங்குபவருக்கு விற்பவரும் அதுதான். எதிர்ப்பக்கம் யார் ஓடினாலும் உங்களுக்குச் சேர வேண்டியதை அது கொடுத்தாக வேண்டும். அந்தப் பொறுப்பைச் சுமக்கத்தான் தரகர்களிடம் முன்கூட்டியே மார்ஜின் என்ற ஈட்டுத்தொகையை வசூலிக்கிறது. விற்றவர் பங்கைத் தரவில்லையா? கழகம் ஏலத்தில் வாங்க முயலும். விலை வித்தியாசமும் தண்டமும் தவறியவர் தலையில் விடியும். நேற்று வாங்கிய பங்கு கணக்குக்கு வருமுன் இன்றே விற்கிறவர்கள் சில சமயம் இதில் மாட்டுகிறார்கள். அவர்களுக்குத் தர வேண்டியவர் தரவில்லை என்றால் இவர்களும் தவறியவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

அடுத்தது காகிதம். 1996-ல் சட்டம் வந்து, அதே நவம்பரில் என்எஸ்டிஎல் தொடங்கியது. 1999-ல் சிடிஎஸ்எல். பங்கைக் கம்ப்யூட்டர் பதிவாக வைத்திருக்கும் காப்பகங்கள் இவை. இந்தக் காப்பகத்தில் நம் பெயரில் இருக்கும் கணக்குத்தான் டீமேட் கணக்கு. கையெழுத்துத் தகராறும் போலிச் சான்றிதழும் இதோடு ஒழிந்தன. ஒரே ஒரு பங்கும் வாங்கலாம் என்றானது. என்னைக் கேட்டால் சிறு முதலீட்டாளருக்கு என்எஸ்இ திரையைவிடப் பெரிய நன்மை செய்தது டீமேட்தான்.

நிஃப்டி 50 குறியீடு 1996 ஏப்ரல் 22 அன்று வந்தது. 1995 நவம்பர் 3-ஆம் தேதியை 1,000 என்று வைத்து, ஐம்பது பெரிய கம்பெனிகளின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் எண் அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைப் பரிசீலிப்பார்கள்.

கணக்குத் தீர்க்கும் காலமும் படிப்படியாகச் சுருங்கியது. தொடக்கத்தில் என்எஸ்இ-யில் புதன் முதல் அடுத்த செவ்வாய் வரை ஒரே கணக்கு. நடுவில் எத்தனை முறை வாங்கி விற்றாலும் கடைசியில் மிஞ்சியதை மட்டும் தீர்த்தால் போதும். வேறு சந்தையில் வாரம் வேறு கிழமையில் முடிந்ததால், கையில் பணமில்லாதவர்கள் இங்கிருந்து அங்கே தாவித் தாவி மாதக்கணக்கில் சூதாடினார்கள். பிஎஸ்இ-யில் வட்டி கட்டிக் கணக்கைத் தள்ளிப்போட 'பத்லா' என்ற ஏற்பாடும் இருந்தது. 2001-ல் கேதன் பாரேக் என்ற தரகரின் மோசடி விவகாரம் வெடித்ததும் பத்லா ஒழிக்கப்பட்டது. அதே ஜூலையில் முக்கியப் பங்குகளுக்கு அன்றன்றைய வர்த்தகத்தை ஐந்தாம் நாள் தீர்க்கும் முறை வந்தது. 2002-ல் மூன்று நாள், 2003-ல் இரண்டு நாள். 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குக்கும் ஒரே நாள். திங்கள் வாங்கினால் செவ்வாய் டீமேட்டில் இருக்கும்.

தூரம் வேறு உருவில் திரும்பியது

1,200 கிலோமீட்டரை அடைத்த பிறகு சண்டை மீட்டர் கணக்குக்கு வந்தது. 2009, 2010 வாக்கில் தரகர்கள் தங்கள் கம்ப்யூட்டரை என்எஸ்இ-யின் கட்டடத்துக்குள்ளேயே வாடகைக்கு வைக்கலாம் என்று அனுமதித்தார்கள். கோ-லொகேஷன் என்று பெயர். விலைத் தகவல் மற்றவர்களைவிட ஒரு கண நேரம் முந்தி வந்தாலும், கம்ப்யூட்டரே ஆர்டர் போடும் வியாபாரத்தில் அது காசு. தகவலை வரிசையாக ஒவ்வொருவருக்காக அனுப்பும் முறையில், காலையில் முதலில் இணைந்தவருக்கே தகவலும் முதலில் கிடைத்தது என்ற புகார் 2015-ல் எழுந்தது. 2019 ஏப்ரலில் செபி என்எஸ்இ-யிடம் சுமார் 625 கோடி ரூபாயை வட்டியோடு கட்டச் சொன்னது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்து, உரிய கவனம் எடுக்கவில்லை என்பதற்காக 100 கோடி கட்டச் சொன்னது. நீண்ட நாளைக்கு வாங்கி வைக்கிறவருக்கு இந்த நுண்விநாடிச் சண்டையால் பெரிய பாதிப்பில்லை. நிமிடத்துக்கு நிமிடம் வாங்கி விற்க உட்காருகிறவர், தன் எதிரில் இருப்பது அந்தக் கட்டடத்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் என்பதைத் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும்.

எல்லாரும் ஒரே கம்ப்யூட்டரை நம்பியிருப்பதில் வேறு அபாயமும் உண்டு. 2012 அக்டோபர் 5 அன்று ஒரு தரகு நிறுவனத்திலிருந்து தவறாக வந்த 59 ஆர்டர்கள், 650 கோடி ரூபாய்க்கு மேல், நிஃப்டியைச் சில நொடிகளில் 900 புள்ளி வாக்கில் கீழே தள்ளின. விற்கும் ஆர்டர் வாங்கும் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை தின்றுகொண்டே போனது. மேலே பார்த்த 400 பங்குக் கணக்கின் பெரிய வடிவம்தான் அது. 2021 பிப்ரவரி 24 அன்று தொலைத்தொடர்பு இணைப்புகள் பழுதாகி 11.40-க்கு வர்த்தகம் நின்றது. மாலை 3.45-க்குத் திறந்து 5 மணி வரை நடத்தினார்கள். அன்று முழுக்க பிஎஸ்இ ஓடிக்கொண்டிருந்தது. அன்றன்றே முடிக்கும் கணக்கு வைத்திருப்பவர்கள் இரண்டு சந்தையிலும் வர்த்தகம் செய்யும் வசதி தங்கள் கணக்கில் திறந்திருக்கிறதா என்று பார்த்து வைப்பது நல்லது. இடையில் ஒரு வேடிக்கை: பிஎஸ்இ-யின் சொந்தப் பங்கு 2017 முதல் விலைபோவது என்எஸ்இ-யில்தான். தன் கடையில் தன்னையே பட்டியலிட்டுக்கொள்ள விதி இடம் தரவில்லை.

2000 ஜூனில் தொடங்கிய, வருங்கால விலையை வைத்து ஒப்பந்தம் போடும் ஃபியூச்சர், ஆப்ஷன் வர்த்தகத்தைப் பற்றி இங்கே ஒரு செய்தி மட்டும். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபியே ஆய்வு வெளியிட்டது. முதல் பங்கு வாங்கப் போகிறவர் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

இந்தக் கரையில் அடிக்கடி வரும் சிக்கல்கள்

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டணம் பக்கம் பல வீடுகளில் பெட்டிக்குள் பழைய காகிதப் பங்குகள் கிடக்கின்றன. 2019 ஏப்ரல் முதல் காகிதமாக வைத்துக்கொண்டே இன்னொருவருக்கு விற்கவோ மாற்றவோ முடியாது. சொந்தக்காரர் உயிரோடு இருந்தால், சான்றிதழில் உள்ள பெயரும் பான் கார்டு பெயரும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். "எம். அப்துல் காதர்" என்று ஒன்றிலும் "அப்துல் காதர் முகமது" என்று இன்னொன்றிலும் இருந்தால் அங்கேயே நிற்கும். பிறகு அந்தக் கம்பெனியின் பதிவாளரிடம் பான், முகவரி, வங்கி விவரம், நாமினி எல்லாவற்றையும் பதிவு செய்து, டீமேட்டுக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இறந்துவிட்டால் வாரிசுக்கு மாற்றலாம். அதற்கு வழி மூடவில்லை. ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டிருந்தால், பங்கே அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். அது தொலைந்துவிடவில்லை, உரிய படிவத்தில் கேட்டுத் திரும்பப் பெறலாம். பொறுமை வேண்டும்.

வளைகுடாவில் வேலைக்குப் போனவர்கள் ஊரில் இருந்தபோது திறந்த டீமேட் கணக்கையே தொடர்ந்து வைத்திருப்பது அடுத்த தவறு. வெளிநாட்டுவாசி ஆனதும் வங்கிக்கும் தரகருக்கும் சொல்லி, வெளிநாட்டுவாசிகளுக்கென்றே உள்ள என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு இணைந்த கணக்காக மாற்றியாக வேண்டும். பங்கை டெலிவரி எடுத்துத்தான் விற்கலாம். அன்றே வாங்கி அன்றே விற்கும் வர்த்தகம் அவர்களுக்குக் கிடையாது. தம்பி பெயரில் கணக்கைத் திறந்து அண்ணன் துபாயிலிருந்து பணம் அனுப்பி நடத்துவது வீட்டுக்குள் நம்பிக்கையாக இருக்கலாம். சட்டப்படி பங்கும் தம்பிக்கே, வரியும் தம்பிக்கே.

கடைசியாக, வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள் வழியே வரும் போலிச் செயலிகள். இவற்றில் லாபம் பச்சை எண்ணில் ஏறிக்கொண்டே இருக்கும்; பணத்தை எடுக்கப் போனால் "வரி கட்டினால்தான் விடுவோம்" என்பார்கள். பணம் போடுமுன் தரகரின் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். பங்குத் தரகர் என்றால் அது 'ஐஎன்ஜெட்' (INZ) என்ற எழுத்துகளில் தொடங்கும். அதை செபி இணையதளத்தில் தேடி, பெயரும் முகவரியும் ஒன்றா என்று பாருங்கள். தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அது தரகர் இல்லை. ஏமாந்துவிட்டது தெரிந்தால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாமல் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் தடுக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரங்களில்தான்.

உண்மையான வர்த்தகம் என்றால் 24 மணி நேரத்துக்குள் ஒப்பந்தச் சீட்டு மின்னஞ்சலில் வரும். அதில் ஆர்டர் எண், வர்த்தக எண், நேரம், விலை, தரகு எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். அந்த வர்த்தக எண்ணை என்எஸ்இ இணையதளத்தில் கொடுத்து அப்படியொரு வர்த்தகம் நடந்ததா என்று நீங்களே சரிபார்க்கலாம். என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் அனுப்பும் கணக்கு அறிக்கையில் மறுநாள் பங்கு ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். தரகர் அனுப்பும் படத்தையோ செயலியின் திரையையோ இதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.